புதுப்பிப்பு: கடிதங்கள் போய்விட்டன

மலேசியாவின் சுங்கை சிப்பூட்டில், எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கக் கணினிக்கு மின்னஞ்சல் வருகிறது, ஆனால் போவதில்லை என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். கடவுச்சொல்லை மாற்றியும் பயனில்லை. போர்ட்டை, அதாவது அஞ்சல் போகும் இணைய வாசலின் எண்ணைப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு மிக்க நன்றி, கோளாறு அங்கேதான்.

அஞ்சல் வரும் வழி வேறு, போகும் வழி வேறு. தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் செயலியில் போகும் வழிக்கு 25 என்று பல ஆண்டுகளுக்கு முன் யாரோ இட்டிருக்கிறார்கள். குப்பை அஞ்சலைத் தடுக்க இணைய நிறுவனங்கள் பல அந்தப் போர்ட்டை அடைத்துவிடுகின்றன. போன மாதம் இணைப்பை மாற்றினோம், அன்றோடு நின்றது. போர்ட்டை 587 என்றும், பாதுகாப்பை ஸ்டார்ட்டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) என்றும் மாற்றியதும் 535 என்ற பிழை வந்தது. அதைக் கண்டு கலங்காதீர்கள்: அஞ்சலை அனுப்பும் சர்வரை எட்டிவிட்டோம், அடையாளம்தான் ஏற்கப்படவில்லை என்று பொருள். பயனர் பெயராக முழு மின்னஞ்சல் முகவரியையும் இட்டேன். சரியாகிவிட்டது.

அவுட்பாக்ஸில் ஒரே உபகாரச் சம்பள (கல்வி உதவித்தொகை) விண்ணப்பம் மூன்று முறை கிடந்தது. மிகுதியை முதலில் அழித்துவிட்டே அனுப்பினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். செம்பனைக் காட்டு வேலை முடிந்து, காலணியில் மண்ணோடு வந்து நின்ற அக்கா, "என் மகளுடையது போய்விட்டதா?" என்று கேட்டார். திரையில் மகளின் பெயரைக் காட்டினேன். விண்ணப்பம் கிடைத்ததாக மறுநாள் காலையில் பதிலும் வந்தது.