பிறர் எழுதியதைப் பகிர்ந்தே தொழில் பக்கத்தை நடத்தலாமா?

கல்வெட்டு:
சோலார் பேனல் பொருத்தும் ஒரு சிறு நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கங்களை இரண்டு ஆண்டுகளாக நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். வாரம் ஐந்து பதிவு வேண்டும் என்கிறார் முதலாளி. சொந்தமாக எழுத ஒன்றுக்குத்தான் நேரம் கிடைக்கிறது. மீதி நான்குக்கும் வெளியில் வரும் நல்ல கட்டுரைகளையும் காணொளிகளையும் தேடிப் பகிர்கிறேன். பொருத்தும் பிரிவில் இருக்கும் நண்பர், "அடுத்தவர் விளைச்சலை நம் களத்தில் காயப்போடுகிறாய், நிறுத்து" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாடிக்கையாளர் தேடி அலைய வேண்டியதை அவர் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஒரு சேவைதானே? உங்கள் கருத்து என்ன?

தனிவழி:
உங்கள் நண்பர் பக்கம்தான் நான். இணைப்பைப் போட்டால் படிப்பவர் உங்களை விட்டு வெளியே போகிறார். கட்டுரை பிடித்திருந்தால் எழுதியவரை நினைவில் வைத்துக்கொள்வார், உங்களை அல்ல. அதுவும் அவர் சொடுக்கினால்தான். 2016இல் கொலம்பியா பல்கலைக்கழகமும் பிரான்சின் இன்ரியா நிறுவனமும் சேர்ந்து ட்விட்டரில் பகிரப்பட்ட ஐந்து செய்தித் தளங்களின் இணைப்புகளை ஆராய்ந்தன. 59 சதவீத இணைப்புகளை ஒருவர்கூடச் சொடுக்கவில்லை.

இன்ஸ்டாகிராமையும் பாருங்கள். 30 நாளில் பத்து முறையோ அதற்கு மேலோ பிறர் ஆக்கங்களை அப்படியே எடுத்துப் போடும் கணக்குகளைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டோம் என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். வாரம் நான்கு என்றால் மாதம் பதினாறு. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்வெட்டு:
இன்ஸ்டாகிராம் விதி, பிறருடைய படத்தையும் காணொளியையும் எடுத்துத் தன்னுடையதுபோல் ஏற்றுபவர்களுக்கானது. கட்டுரையின் இணைப்பைக் கொடுத்து அதன்மேல் என் குறிப்பை எழுதுவதை அது தொடவில்லை. அந்த 59 சதவீதமும் செய்தி இணைப்புகளைப் பற்றியது. எங்கள் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் மாடியில் பேனல் வைத்திருப்பவர்கள், அல்லது வைக்க யோசிப்பவர்கள். மேகமூட்டமான மாதங்களில் உற்பத்தி எவ்வளவு குறையும் என்ற கட்டுரை ஒன்றைப் பகிர்ந்திருந்தேன். நான்கு மாதம் கழித்து ஒருவர் அதைத் தேடி எடுத்துக் கேள்வியோடு வந்தார், வாடிக்கையாளரும் ஆனார். அவர் நினைவில் இருந்தது எங்கள் பக்கம்தான்.

ஓடைக்கரை:
இடையில் ஒரு கேள்வி. பகிரலாமா கூடாதா என்று பேசுகிறீர்கள், எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று இருவரும் சொல்லவில்லையே? பாதி விடை அதில்தான் இருக்கிறது. காலையில் எழுந்து இன்று எது பரவுகிறது என்று பார்த்து எடுத்தால், ஏற்கனவே எல்லோரும் பார்த்ததைத்தான் நீங்களும் போடுவீர்கள்.

நான் செய்வது இதுதான். அலுவலகத்துக்கு வரும் தொலைபேசிக் கேள்விகளை ஒரு நோட்டில் அப்படியே குறித்து வைப்பேன், கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே. "மழை பெய்தால் தானாகக் கழுவிக்கொள்ளாதா?", "கரண்ட் போனால் இதுவும் ஏன் நிற்கிறது?" என்பது போல. அப்புறம் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடுவேன். கேள்வி முதலில், கட்டுரை பிறகு. இந்த வரிசை மாறினால் நமக்குப் பிடித்ததைப் பகிர்வோமே தவிர அவருக்குத் தேவையானதை அல்ல.

தேடும் இடங்களும் முக்கியம். பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தருவது செய்தியோடை (ஆர்எஸ்எஸ்). அதைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டதும் அது முடிந்துபோனது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. ஃபீட்லி, இனோரீடர் போன்ற செய்தியோடைச் செயலி ஒன்றில் முப்பது நல்ல தளங்களைச் சேர்த்து வைத்தால், எந்த அல்காரிதமும் இடையில் புகுந்து வடிகட்டாமல் புதிய கட்டுரைகள் வந்து சேரும். உங்கள் துறைக்கு இன்னொன்று சொல்கிறேன்: ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ் கணிப்பானும், உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸும் இலவசம். இருக்கும் இடத்தைக் குறித்தால் எவ்வளவு மின்சாரம் கிடைக்கலாம் என்று காட்டும். பத்துக் கட்டுரைகளைவிட இந்த ஒரு இணைப்பு ஒருவருக்கு உதவும்.

தனிவழி:
நோட்டு யோசனையை ஏற்கிறேன். ஆனால் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நானும் இதே துறையில் ஒரு பக்கத்தை நடத்தினேன், நாளுக்கு ஒன்று என்ற கணக்கில். ஒரு கோடையில் "வெயில் ஏற ஏற மின்சாரமும் ஏறும்" என்று தலைப்பிட்ட கட்டுரையைப் பகிர்ந்தேன். தலைப்பை மட்டும்தான் படித்திருந்தேன். எங்கள் பழைய வாடிக்கையாளர், ஒரு பொறியாளர், கீழே வந்து அமைதியாக எழுதினார்: பேனலின் திறனை அளப்பது 25 டிகிரி செல்சியஸில், அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும்; நண்பகலில் பேனல் 60 டிகிரியைத் தொட்டால் 14 சதவீதம் போய்விடும்; மின்சாரத்தைத் தருவது வெளிச்சம், சூடு அல்ல. இதுகூடத் தெரியாதவர்களா நம் மாடியில் ஏறுகிறார்கள் என்று அடுத்து ஒருவர் கேட்டார். தவறு அந்தத் தளத்துடையது. ஆனால் யாரும் அந்தத் தளத்தைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்கள். பதிவை நீக்கினேன், மன்னிப்பும் கேட்டேன். இன்றும் நினைத்தால் கூசுகிறது.

கல்வெட்டு:
இதை எழுதியதற்கு நன்றி. உண்மையைச் சொல்கிறேன், கடந்த மாதம் பகிர்ந்தவற்றில் மூன்றையாவது நான் முழுதாகப் படிக்கவில்லை. ஆனாலும் இது படிக்காமல் பகிர்வதற்கு எதிரான வாதம்தானே? பகிர்வதற்கே எதிரானது ஆகாது.

முத்திரை:
சட்டப் பக்கத்தையும் பாருங்கள். இணைப்பு கொடுப்பது வேறு, படத்தை இறக்கி உங்கள் பக்கத்தில் ஏற்றுவது வேறு. "நன்றி: இணையம்" என்று போட்டால் போதும் என்பது தவறு. படைப்பு உருவானதுமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, எந்த முத்திரையும் பதிவுசெய்தலும் தேவையில்லை என்பது பெர்ன் ஒப்பந்தம் என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை உடன்படிக்கையில் 1908ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்தே இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரையை முழுதாகத் தமிழாக்கிப் போடவும் எழுதியவரிடம் அனுமதி வாங்க வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் படம், அதாவது நிபந்தனையோடு பிறர் பயன்படுத்த உரியவரே விட்டுக்கொடுத்த படம் என்றாலும் உரிமத்தைப் படியுங்கள். வணிக நோக்குக்குக் கூடாது என்று இருந்தால் நிறுவனப் பக்கத்தில் போடாதீர்கள். மின்னஞ்சலில் கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள், என் அனுபவம் அது.

தனிவழி:
கல்வெட்டு, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். படிக்காமல் பகிர்ந்தது சோம்பலால் அல்ல, நாளுக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கால். வாரம் ஐந்து இருக்கும்வரை உங்களுக்கும் அது நடக்கும். கட்டுரையை முழுதாகப் படித்து, எண்களைச் சரிபார்த்து, உங்கள் வேலையில் கண்டதை இரண்டு வரி சேர்க்க அரை மணி நேரமாவது ஆகும். வாரம் நான்கு முறை அது முடியுமா?

கல்வெட்டு:
முடியாது. மூன்றாகக் குறைக்கச் சொல்லி முதலாளியிடம் நாளை பேசுகிறேன். சொந்தமாக ஒன்று, பகிர்வு இரண்டு. இரண்டு வரி சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை என்றால் அந்தக் கட்டுரையை விட்டுவிடுகிறேன்.

தனிவழி:
அந்த இரண்டு வரிதான் பதிவு என்கிறேன் நான். இணைப்பு எதற்கு?

கல்வெட்டு:
0.4 சதவீதம் என்று நான் எழுதினால், எங்கிருந்து எடுத்தாய் என்று அந்தப் பொறியாளர் கேட்பார். அவருக்குக் காட்டத்தான்.

தனிவழி:
பேனல் தயாரிப்பாளரின் விவரத்தாளிலேயே அந்த எண் இருக்கும். அதைக் காட்டுங்கள், கட்டுரையை அல்ல.

ஓடைக்கரை:
விவரத்தாளும் பிறர் எழுதியதுதானே நண்பரே!