புதுப்பிப்பு: பதிவுத் திருமணம் செய்தவர் மீண்டும் நற்கருணை வாங்க வழி

பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. என் கேள்வி இதுதான்: நான் கத்தோலிக்கன், பல வருடமாகக் கோயிலுக்கு (தேவாலயத்துக்கு) போகவில்லை, மனைவி இந்து, நடந்தது பதிவுத் திருமணம். திரும்பி வந்து நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) வாங்க என்ன செய்ய வேண்டும்?

ஞானஸ்நானம் மறுபடி தேவையில்லை என்று நீங்கள் சொன்னது சரி. தடையாக இருந்தது திருமணம்தான்; கோயிலில் நடக்காததால் திருச்சபை அதைச் செல்லுபடியானதாக ஏற்கவில்லை. கோயிலில் மீண்டும் சம்மதம் சொல்லலாம் என்பது பெரும்பாலோர் யோசனை. “நமக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே” என்றார் மனைவி. அதில் நியாயம் இருந்தது.

கைகொடுத்தது, திருமணத்தை ‘வேரிலேயே சீராக்குவது’ பற்றிக் கேட்கச் சொன்னவரின் பதில். திருச்சபைச் சட்டம் 1161-இன்படி, அன்று தந்த சம்மதம் இருவரிடமும் நிலைத்திருந்தால், அதைப் புதுப்பிக்காமலே திருமணத்தைச் செல்லுபடியாக்கலாம். எங்கள் கோயிலின் பங்குத்தந்தை ஆயருக்கு (பிஷப்புக்கு) மனு எழுதினார். விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்னால் ஆனதெல்லாம் செய்வேன் என்று நான் மட்டும் வாக்குக் கொடுத்தேன். மனைவிக்கு அது தெரிந்திருந்தால் போதும்.

எதிர்பாராதது: என்னிடமிருந்த பழைய ஞானஸ்நானச் சான்றிதழை ஏற்கவில்லை. திருமண விவரம் ஞானஸ்நானப் பதிவேட்டில்தான் ஏறும் என்பதால், ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோயிலிலிருந்து புதிய நகல் கேட்டார்கள். தாமதம் முழுக்க அதில்தான், முதலிலேயே சொல்லிவையுங்கள்.

ஆயரின் அனுமதி வந்ததும் பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடுவது. பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம் மறந்தே போயிருந்தது. சாமியார் பொறுமையாக வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கினேன். அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்கு வார்த்தை வரவில்லை.