பேண்டோட வாசிச்சா பியானோ டோன் காணாமப் போகுது – சனிக்கிழமை புரோகிராம், அவசரம்

ராயபுரம்_கீஸ்:
அண்ணன்மாரே, வீட்ல ஹெட்போன்ல கேட்டா பியானோ டோன் சும்மா கும்முனு இருக்கு. பெரம்பூர்ல ஹால்ல ரிகர்சல் போட்டோம். டிரம்ஸ், கிடார் ஆரம்பிச்சதும் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி ஆயிடுது. "நீ வாசிக்கிறியா, சும்மா நிக்கிறியா"ன்னு டிரம்மர் கேக்குறாரு. எல்லாம் 70-கள் ராக் பாட்டு. ஆங்கிலோ இந்தியன் வீட்டு ரிசப்ஷன், எல்லாப் பாட்டும் தெரிஞ்ச கூட்டம், ஏமாத்த முடியாது. எந்த டோன் போட்டா கேக்கும்? சீக்கிரம்.

பேஸ்_பாபு:
என்ன கீபோர்டு? ஆம்ப்ல போகுதா, மிக்சர்லயா? மானிட்டர்ல கேக்கலையா, ஆடியன்ஸுக்கே கேக்கலையா? ஒண்ணும் சொல்லாம டோன் கேட்டா எப்படிப்பா?

வியாசர்பாடி_வேலு:
கிராண்ட் பியானோ போட்டிருப்பீங்க, பந்தயம் கட்டுறேன். தனியா வாசிக்க அது ராஜா. பேண்டுக்குள்ள போனா அடிச் சத்தம் பேஸ் கிடாரோட மோதும், நடுவுல இருக்கிறதைக் கிடார் தின்னுடும். 'பிரைட் பியானோ', 'ராக் பியானோ'ன்னு ஏதாவது இருக்கும், அதை எடுங்க. ரிவர்பை நல்லா குறைங்க, ஹாலே எதிரொலிக்கும். மிக்சர்ல 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிட்டு 2, 3 கிலோஹெர்ட்ஸ் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க. இடது கையைப் பாதியா குறைச்சிட்டு வலது கையை ஒரு ஆக்டேவ் மேல வைங்க.

நார்டு_வெறியன்:
செகண்ட் ஹேண்ட்ல ஒரு நார்டு கம்பெனி கீபோர்டு பாருங்க. வேற வழியே இல்ல.

பேஸ்_பாபு:
சனிக்கிழமைக்குள்ளயா?

மாஸ்டர்_88:
தம்பி, டோனைத் தேடுவதற்கு முன் பாட்டைக் கேட்க வேண்டும். அந்தக் காலத்து ராக்கில் பாதி இடத்தில் பியானோவே கிடையாது. டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட், ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் கிடார் ஆம்ப்பில் விட்டு உறும வைத்தவர். டோர்ஸ் குழுவின் ரே மன்சாரெக் வலது கையில் வாக்ஸ் ஆர்கன், இடது கையில் ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பேஸ். சூப்பர்ட்ராம்ப் குழு என்றால் வுர்லிட்சர் எலக்ட்ரிக் பியானோ. மேடைக்கென்று யமஹா சிபி-70 வந்ததே 1976-இல்தான். நிஜக் கம்பி, நிஜச் சுத்தியல், அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப் வைத்தது. உங்கள் கீபோர்டில் 'எலக்ட்ரிக் கிராண்ட்' என்று இருப்பது அதன் நகல். இதையெல்லாம் பல முறை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. இப்போது வருகிறவர்கள் கட்டையைத் தானே மாற்றித் தரும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கியே காலத்தை ஓட்டுகிறார்கள்.

லைட்மியூசிக்_லோகு:
கடைசி வரி யாருக்கு சார்? பாடகர் மேடையேறின பிறகு "தொண்டை சரியில்ல, அரைக்கட்டை எறக்கு"ன்னு காதுல சொல்லுவாரு. அடுத்த நிமிஷம் பாட்டு. நீங்க வந்து வாசிச்சுக் காட்டுங்க, பாக்கலாம்.

மாஸ்டர்_88:
பயிற்சி இருந்தால் எந்தக் கட்டையிலும் வாசிக்கலாம்.

பேஸ்_பாபு:
சார், ராக்லயே அது வேணும். கன்ஸ் அண்ட் ரோசஸ் கிடாரை அரை ஸ்வரம் எறக்கித்தான் கட்டினாங்க. கிடாரிஸ்ட் 'இ' புடிச்சா சத்தம் இ-பிளாட். கீபோர்டுக்காரன் ட்ரான்ஸ்போஸ்ல மைனஸ் 1 போட்டா என்ன குத்தம்?

மாஸ்டர்_88:
குற்றம் என்று நான் சொல்லவில்லை. சோம்பேறித்தனம் என்றேன்.

லைட்மியூசிக்_லோகு:
வேலு அண்ணே, இவரைக் கொஞ்சம் கேளுங்க. கொருக்குப்பேட்டையில கோயில் கச்சேரிக்கு ஒரு நாள் வரச் சொல்லுங்க, விடிய விடிய நாப்பது பாட்டு.

ராயபுரம்_கீஸ்:
சாரி அண்ணா, வேலைக்குப் போயிட்டேன். யமஹா பிஎஸ்ஆர், 61 கீ. ஹால் மிக்சர்லதான் போகுது. கீபோர்டு பின்னாடி அவுட் ஒண்ணே ஒண்ணுதான், ஹெட்போன் படம் போட்டது. ஆடியோக்காரர் குடுத்த ஒயர்ல சொருகினேன். பிரைட் பியானோவும் போட்டுப் பாத்தேன், அதே கதைதான். ஆர்கன் போட்டா அதுவும் வரல, ஸ்பீக்கர் சுத்துற மாதிரி கேக்குற அந்த எஃபெக்ட்டை ஆஃப் பண்ணா சுத்தமா அவுட். ஸ்டிரிங்ஸ் மட்டும் ஓரளவு வருது.

தண்டையார்பேட்டை_ஆடியோ:
ஆர்கன் வரலன்றதை முதல்லயே சொல்லக்கூடாதா தம்பி! இது டோன் பிரச்சினையே இல்ல. அந்த ஒயர் ரெண்டு முனையிலயும் என்ன பின்? பி38-ன்னா, அதான் கால் இஞ்ச் தடிப் பின், கறுப்பு வளையம் எத்தனைன்னு எண்ணிச் சொல்லு.

ராயபுரம்_கீஸ்:
ரெண்டு பக்கமும் பி38. ரெண்டு ரெண்டு வளையம்.

தண்டையார்பேட்டை_ஆடியோ:
அதேதான். ரெண்டு வளையம்னா ஸ்டீரியோ பின். ஹெட்போன் அவுட்ல நுனியில இடது, நடுவுல வலது வருது. மிக்சரோட லைன் இன் பேலன்ஸ்டு. நுனியில வர்றதுலேர்ந்து நடுவுல வர்றதைக் கழிச்சுட்டு மிச்சத்தைத்தான் அது எடுத்துக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வர்ற சத்தம் கழிஞ்சு பூஜ்யம். அதனாலதான் சுத்தாத ஆர்கன் செத்துப் போகுது. பியானோல இடது வலது வித்தியாசம் மட்டும் மிஞ்சி சன்னமா கேக்குது. ஸ்டிரிங்ஸ் ரெண்டு பக்கமும் விரிஞ்ச டோன், அதான் தப்பிச்சுது.

ஒரு பக்கம் ஸ்டீரியோ பி38, மறுபக்கம் ரெண்டு மோனோ பி38 பிரியுற ஒய் கேபிள் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும். ரெண்டையும் சொருகாத. ஹால் பாக்ஸ் எல்லாம் மோனோவாத்தான் இருக்கும், ஸ்டீரியோ பியானோவை அதுல ஒண்ணாக் கலந்தா மறுபடி கொஞ்சம் மெலிஞ்சுடும். இடது மட்டும் ஒரு சேனல்ல குடு. மிக்சர் தூரமா இருந்தா சிக்னலை இரைச்சல் இல்லாம தூரம் கொண்டு போக நடுவுல ஒரு டிஐ பாக்ஸ். மோனோ பின்னை நேரா ஹெட்போன் ஓட்டையில குத்திடாத, வலது பக்கம் எர்த்தோட ஷார்ட் ஆகும். மிக்சர்ல கெயினை, அதான் உள்ள வர்ற சிக்னலைத் தூக்குற குமிழை, சுத்தமா எறக்கி வச்சிட்டு ஏத்து.

நார்டு_வெறியன்:
நார்டுல இந்தத் தொல்லையே வராது, தனித்தனி அவுட்.

லைட்மியூசிக்_லோகு:
மாஸ்டர் சார், வளையம் எண்ண உங்களுக்குத் தோணலையே?

மாஸ்டர்_88:
வயரிங் என் துறை அல்ல.

ராயபுரம்_கீஸ்:
இடது மட்டும் குடுத்தோம், வந்துருச்சு! ஆர்கன் பிச்சிக்கிட்டு வருது. ஆடியோ அண்ணே, பெரிய தேங்க்ஸ். ரிகர்சல் ஓடுது, அப்புறம் வரேன்.

வியாசர்பாடி_வேலு:
பியானோவுக்கு எது வச்சீங்க? பிரைட்தானே? நான் அப்பவே சொன்னேன்.