மறு: டிஃப்ராஸ்ட் தெர்மோஸ்டாட் – திங்கட்கிழமை அச்சு

சேலம், தொழிற்பயிற்சி ஆசிரியர்:
அன்பர்களே, வீட்டு ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்புப் பாடத்தைத் தமிழில் எழுதிவருகிறேன். திங்களன்று அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். 'டிஃப்ராஸ்ட் தெர்மோஸ்டாட்' என்ற ஒரு சொல்லில் முட்டி நிற்கிறேன். ஃப்ரீசரின் குளிர்ச்சுருளைக் கவ்விக்கொண்டிருக்கும் சின்ன வட்டு அது. கெட்டால் பனியை உருக்கும் ஹீட்டருக்கு மின்சாரம் போகாது. சுருளில் பனி மண்டிக் காற்றோட்டம் அடைபடும். மேலே ஐஸ் குவிந்திருக்க, கீழே பால் திரிந்துபோகும். 'பனிநீக்க வெப்பநிலைப்படுத்தி' என்று எழுதலாமா?

ஏற்காடு, ஓய்வுபெற்ற பொறியாளர்:
கூடாது ஐயா. அது எதையும் நிலைப்படுத்துவதில்லை. சுழியத்துக்குக் கீழே நன்கு குளிர்ந்தால் இணைகிறது. பனி உருகிச் சுருள் சூடேறினால் பிரிகிறது. டைமர் அழைக்கும்போது ஹீட்டருக்கு வழிவிடுகிறது, வேலை முடிந்ததும் அடைக்கிறது, அவ்வளவே. இது புரியாத மாணவன் அதைக் கழற்றி மேசையில் வைத்து மல்டிமீட்டரால் பார்ப்பான். தொடர்பு காட்டாது, காட்டவும் கூடாது. உடனே புதியது வாங்க ஓடுவான். ஃப்ரீசரில் குளிரவைத்த பிறகும் தொடர்பு வராவிட்டால்தான் மாற்ற வேண்டும். பெயரிலேயே அந்தக் குணம் தெரியட்டும்: பனியை உருக்க வழிவிடும் சுவிட்ச் என்பதால் 'உருக்குச் சாவி'.

அஸ்தம்பட்டி, மொழிபெயர்ப்பாளர்:
சேலத்தில் அச்சாகும் புத்தகத்தில் 'உருக்கு'! உருக்காலையில் செய்த சாவி என்றல்லவா படிப்பார்கள்? (அந்த ஆலையை நாம் இரும்பாலை என்றே அழைக்கிறோம் என்பது வேறு கதை.)

அம்மாபேட்டை, தமிழாசிரியர்:
சாவி போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. அதை ஏற்க மாட்டேன். உள்ளே இரண்டு உலோகங்கள் ஒட்டியிருப்பதால் இந்த வட்டை மெக்கானிக்குகள் 'பைமெட்டல்' என்கிறார்களாம். ஈருலோகம் எனலாம், ஆனால் உலோகமும் வடசொல். எனவே 'இருமாழை'. பனி என்பதும் தனித்து நிற்காது. சங்கப் பாடல்களில் கண்ணீரும் பனி, நடுக்கமும் பனி. குறிஞ்சிக்குப் 'பனியெதிர் பருவமும் உரித்து' என்ற தொல்காப்பியர் ஏற்காட்டுப் பனியைச் சொன்னாரே தவிர, சுருளில் படியும் பனியை அல்ல. ஆகவே 'உறைபனிநீக்க இருமாழை'. 1916இல் இதே ஊரில் ராஜாஜி அறிவியல் கலைச்சொற்களுக்கென்று சங்கம் கண்டார். நாம் சோம்பலாமா?

ஏற்காடு, ஓய்வுபெற்ற பொறியாளர்:
அச்சுக்கோப்பவர் 'இருமாழை'யை 'இருமழை' என்று திருத்திவிடுவார். ஃபிரிட்ஜில் இரண்டு மழையா?

செவ்வாய்ப்பேட்டை, பழுதுபார்ப்புக் கடை நடத்துபவர்:
ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உதிரிபாகக் கடையில் 'பைமெட்டல் கொடுங்கள்' என்றால்தான் பொருள் கைக்கு வரும். வடசொல்லுக்கே வடவெழுத்தை நீக்கி இடம் தந்தவர் உங்கள் தொல்காப்பியர். பைமெட்டலில் நீக்க ஓர் எழுத்துகூட இல்லையே! பெயர் எதுவானாலும், பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அஸ்தம்பட்டி, மொழிபெயர்ப்பாளர்:
ஈழத்தில் சுவிட்சுக்கு 'ஆளி' என்பார்கள். பனிநீக்க ஆளி?

அம்மாபேட்டை, தமிழாசிரியர்:
யானையைக் கொல்லும் சங்கத்து ஆளியா, எண்ணெய் ஆட்டும் ஆளி விதையா?

சேலம், தொழிற்பயிற்சி ஆசிரியர்:
நேரமில்லை. பெரும்பாலோர் வேண்டாம் என்று சொல்லாதது, என் 'பனிநீக்க'த்தையும் பொறியாளரின் 'சாவி'யையும் சேர்த்த 'பனிநீக்கச் சாவி' ஒன்றுதான். முதலில் வரும் இடத்தில் பைமெட்டலையும் சேர்த்துவிடுகிறேன்.

அம்மாபேட்டை, தமிழாசிரியர்:
என் மறுப்பு நிற்கிறது. அதோடு, நீங்கள் அனுப்பிய அடுத்த பக்கத்தில் தெர்மல் ஃபியூஸை 'வெப்ப உருகி' என்று எழுதியிருக்கிறீர்கள். "ஹீட்டர் வந்ததும் உருகியதா எனப் பார்" என்ற வரியில் மாணவன் எதைப் பார்ப்பான், பனியையா, ஃபியூஸையா?