ஒரு பிளாக்செயினில் வேலை உண்மையிலேயே நடக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

கோவிலூரான்:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு இங்கேயே இரண்டு மூன்று கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் பார்த்துக் கொடுக்கிறேன். ராத்திரியில் எத்தீரியம் பிளாக்செயினுக்கு நிரல் எழுதும் சொலிடிட்டி மொழி படிக்கிறேன், சின்னச் சின்ன ஒப்பந்தங்கள் (பிளாக்செயினில் தானாக ஓடும் நிரல்கள்) எழுதி செப்போலியா என்ற டெஸ்ட்நெட்டில், அதாவது சோதனைச் சங்கிலியில், ஓட்டிப் பார்க்கிற அளவுக்கு வந்திருக்கிறேன்.

சொந்தக்காரர்கள் சிலர் ஒரு காயின் குழுவில் இருக்கிறார்கள். மெயின்நெட் (உண்மையான பணம் ஓடும் சங்கிலி) வரப்போகிறது, டெவலப்மென்ட் 80 சதவீதம் முடிந்தது, கம்யூனிட்டியில் லட்சக்கணக்கில் ஆள் சேர்ந்தாச்சு என்று தினமும் காலையில் ஒரு படம் வந்துவிடும். புதுவயல் பக்கம் மண்டபம் பிடித்துக் கூட்டம் நடத்தி சாப்பாடும் போட்டார்கள். சித்தப்பா என்னிடம் வந்து "நீ படித்தவன், இது தேறுமா தேறாதா, சொல்லு" என்கிறார். விலை ஏறுமா இறங்குமா என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு பொது பிளாக்செயினில் (பலர் கணினியில் ஒரே கணக்குப் பேரேடு ஓடும் சங்கிலியில்) வேலை நடக்கிறதா என்று வெளியாள் ஒருவன் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்?

இன்னொன்று எனக்காகக் கேட்கிறேன். எத்தீரியம் பக்கம் ஏதாவது செய்ய ஆசை. பெங்களூரு, சென்னையில் இருப்பவர்களுக்கு மீட்டப், ஹேக்கத்தான் எல்லாம் இருக்கிறது. காரைக்குடியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு யார் கைகொடுப்பார்கள்?

தேவகோட்டை ரஸ்தா:

தம்பி, சதவீதக் கணக்கை முதலில் ஓரமாக வை. எத்தீரியம் ஓட ஆரம்பித்தது 2015 ஜூலை 30. இன்றுவரை "முடிந்தது" என்று அதில் வேலை செய்கிற யாரும் சொன்னதில்லை. 2022 செப்டம்பரில் மைனிங்கையே (கணினிகளைப் போட்டியாக ஓட்டிச் சங்கிலியைக் காப்பது) நிறுத்திவிட்டு ஸ்டேக்கிங்குக்கு (காசைப் பணயம் வைத்துக் காப்பது) மாறினார்கள், மின்சாரச் செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 2024 மார்ச்சில் டென்கூன் என்ற மேம்படுத்தல் வந்து, எத்தீரியத்தின் மேலே ஓடும் ரோலப் என்ற துணைச் சங்கிலிகளின் கட்டணம் அடியோடு இறங்கியது. 2025 மே 7 அன்று பெக்ட்ரா என்ற அடுத்த மேம்படுத்தல், அதே வருஷம் டிசம்பரில் ஃபுசாகா. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மாதக்கணக்கில் நடந்த வாக்குவாதம் முழுக்க எழுத்திலும் வீடியோவிலும் அப்படியே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

நான் பெங்களூருவில் இந்தத் துறையில் டெஸ்டிங் பார்க்கிறேன். என்னைக் கேட்டால், ஒரு சங்கிலி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது சொதப்பிய நாளைத்தான் தேடிப் படிக்க வேண்டும். பெக்ட்ராவையே எடுத்துக்கொள். 2025 பிப்ரவரி 24 அன்று ஹோலெஸ்கி என்ற டெஸ்ட்நெட்டில் அதை முதலில் ஏற்றினார்கள். சங்கிலியை ஓட்டும் மென்பொருளுக்குக் கிளையன்ட் என்று பெயர். கெத், நெதர்மைண்ட், பெசு என்ற மூன்று கிளையன்டிலும், ஸ்டேக்கிங் காசு கட்டும் டெபாசிட் ஒப்பந்தத்தின் முகவரி அந்த டெஸ்ட்நெட்டுக்குச் சரியாக அமைக்கப்படவில்லை. செல்லாத ஒரு பிளாக்கை (பரிவர்த்தனைத் தொகுப்பை) அவை செல்லும் என்று ஏற்றுக்கொண்டன. எரிகான், ரெத் என்ற வேறு இரண்டு கிளையன்டும் மறுத்தன. பெரும்பான்மை தப்பான கிளையில் ஏறிவிட்டதால் சங்கிலி பிளந்தது, ஃபைனாலிட்டி (எழுதியது இனி மாறாது என்ற உறுதி) திரும்ப வர இரண்டு வாரம் ஆனது. எங்கே தவறியது, எந்த வரி, யார் என்ன திருத்தினார்கள், எல்லாம் அன்றே வெளியில் வந்துவிட்டது. அடுத்து செப்போலியாவிலும் வேறொரு சிக்கல். அப்புறம் ஹூடி என்று புது டெஸ்ட்நெட் ஒன்றையே மார்ச்சில் கிளப்பி, அதில் திருப்தியான பிறகுதான் மெயின்நெட்டுக்குக் கொண்டுபோனார்கள். தேதி தள்ளிப்போனது பற்றி யாரும் கூச்சப்படவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரே நெறிமுறைக்குத் தனித்தனிக் குழுக்கள் தனித்தனியாகக் கிளையன்ட் எழுதுகிறார்கள். ஒன்றில் பிழை வந்தால் மற்றது தாங்கும். ஃபுசாகா வந்த மறுநாள் பிரிசம் கிளையன்ட் தடுமாறியது, லைட்ஹவுஸ், டெக்கு, நிம்பஸ் எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் சங்கிலி நிற்கவில்லை. ஹோலெஸ்கியில் மூன்று கிளையன்ட் சேர்ந்தே தவறியதால்தான் அவ்வளவு பாடு.

உன் சித்தப்பா குழுவிடம் இவ்வளவு கேள்: கோட் எங்கே இருக்கிறது? எத்தனை பேர் அதில் எழுதுகிறார்கள்? டெஸ்ட்நெட்டில் என் லேப்டாப்பில் ஒரு நோட் (சங்கிலியை நாமே சரிபார்க்கும் கணினி) ஓட்ட முடியுமா? மாற்றம் வேண்டும் என்றால் யார் முன்மொழியலாம், எங்கே விவாதிப்பார்கள்? கடைசிக் கேள்விக்கு எத்தீரியத்தில் பதில் சுலபம். ஈ.ஐ.பி என்கிற மாற்ற முன்மொழிவை எழுதி எத்தீரியம் மெஜிஷியன்ஸ் மன்றத்தில் போட்டால் உலகமே வந்து கிழிக்கும். வியாழக்கிழமை நம் நேரம் ராத்திரி ஏழரைக்கு கோர் டெவலப்பர்கள் கூடிப் பேசுவதை யூடியூபில் நேரலையாகவே பார்க்கலாம். ஒருமுறை உட்கார்ந்து பார், பாதி புரியாது, பரவாயில்லை. ஒருவர் யோசனையை இன்னொருவர் எப்படி மறுக்கிறார் என்று மட்டும் கவனி.

பேரேடு:

காரைக்குடியில் கணக்கு எழுதிப் பல வருஷம் ஆயிற்று. மென்பொருள் எனக்குத் தெரியாது, பணம் தெரியும்.

நம் ஊர்க்காரர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில் அங்கே இருந்த ஏஜெண்டு கணக்கு எழுதி இங்கே முதலாளிக்கு அனுப்புவார். பேரேட்டுக்கும் ஐந்தொகைக்கும் ஒத்துவராவிட்டால் கப்பல் ஏறி வந்து பதில் சொல்ல வேண்டும். கடல் தாண்டிப் பணத்தை விட்டவனுக்கு அந்தக் கணக்குதான் கண். இந்தச் சங்கிலியில் பேரேட்டைப் பார்க்க முதலாளியாக இருக்க வேண்டியதில்லை என்று பையன் ஒருவன் எனக்கு விளக்கினான், அது எனக்குப் பிடித்திருந்தது. அப்படிப்பட்ட பொருளை விற்க வருகிறவன் கணக்கைக் காட்டாமல் சாப்பாடு போடுகிறான் என்றால் எழுந்து வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு வரியையும் சொல்லிவிடுங்கள் தம்பி. 2022 ஏப்ரல் முதல் இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீதம் வரி, மேலே செஸ் தனி. ஒரு காயினில் போன நஷ்டத்தை இன்னொன்றில் வந்த லாபத்தில் கழிக்க முடியாது. 2022 ஜூலையிலிருந்து விற்கும்போது 1 சதவீதம் டி.டி.எஸ். மண்டபத்தில் மைக் பிடித்தவர் இதைச் சொன்னாரா?

கண்டனூர்க்காரி:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், என் மாணவர்கள் சிலர் இந்த வழியில் போயிருக்கிறார்கள்.

உதவி ஊரைப் பார்த்து வருவதில்லை தம்பி, கேள்வியைப் பார்த்து வருகிறது. "ஒப்பந்தம் ஓடவில்லை, உதவுங்கள்" என்று டிஸ்கார்டில் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்த கம்பைலர் பதிப்பு, என்ன பிழைச் செய்தி, என்னென்ன முயன்றாய் என்று எழுதிப் போட்டால், முன்பின் தெரியாத ஒருவர் நடுராத்திரியில் உட்கார்ந்து உன் கோடைத் தன் கணினியில் ஓட்டிப் பார்த்துப் பதில் தருவார். என் மாணவி ஒருத்திக்கு அப்படித்தான் கிடைத்தது. ஒரு கிளையன்டின் கையேட்டில் இருந்த கட்டளை புதிய பதிப்பில் வேலை செய்யவில்லை. அவள் அதைத் திருத்தி அனுப்பினாள், அந்தக் குழுவில் இருந்தவர் இரண்டு இடத்தில் மாற்றச் சொன்னார், மாற்றினாள், ஏற்றுக்கொண்டார்கள். ஒரே வரிதான். ஆனால் அந்த வரிக்காக அவள் அந்தக் கிளையன்டை முழுசாகக் கட்டி ஓட்டிப் பார்த்திருந்தாள், அடுத்த வேலை தானாக வந்தது.

கோடை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" (புதியவர்களுக்கு ஏற்ற வேலை) என்று குறித்திருப்பதிலிருந்து ஆரம்பி. எத்தீரியம் தளத்தைப் பல மொழிகளில் பெயர்க்கிற தன்னார்வலர் பணியும் உண்டு. ஆழமாகப் போக வேண்டும் என்றால் எத்தீரியம் புரோட்டோகால் ஃபெலோஷிப் இருக்கிறது. தேர்வானவர்களுக்கு உதவித்தொகை தருவார்கள், தேர்வாகாதவர்களும் கூடவே வேலை செய்யத் தடை இல்லை. எனக்கு அதில் மிகவும் பிடித்ததே அதுதான்.

பண ஆதரவிலும் ஒரு நல்ல முறை இருக்கிறது. பொதுப் பயன் திட்டங்களுக்கு நிதி தரும் கிட்காயின் தளத்தின் மானியச் சுற்றுகளில் இருபடி முறையில் பொதுநிதியைப் பகிர்ந்தார்கள். ஒவ்வொருவர் தொகைக்கும் வர்க்கமூலம் எடுத்து, கூட்டி, வந்ததை வர்க்கப்படுத்துவார்கள். ஒரு திட்டத்துக்கு ஒருவர் 100 ரூபாய் கொடுத்தால் அது சூத்திரத்தில் 100ஆகவே நிற்கும். நூறு பேர் ஆளுக்கு 1 ரூபாய் கொடுத்தால் 10,000 ஆகும், பொதுநிதி அந்த விகிதத்தில்தான் பிரியும். போலிக் கணக்குகளை வைத்து ஏமாற்றப் பார்ப்பவர்கள் உண்டு, அவர்களை வடிகட்டுவது அங்கே தீராத தலைவலி. ஆனாலும் ஒருவர் தரும் பெரிய தொகைக்கும் பலர் தரும் ஆதரவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்காகவே போட்டுப் பார்த்தவர்கள் அவர்கள்.

கோவிலூரான்:

அக்கா, அண்ணே, ஐயா, மூவருக்கும் நன்றி. குழுவில் கோட் எங்கே என்று கேட்டேன். "பாதுகாப்புக்காக வெளியிடவில்லை, லான்ச்சுக்கு அப்புறம் தருவோம்" என்று அட்மின் பதில் போட்டார். நோட் ஓட்ட முடியுமா என்றதற்குப் பதிலே இல்லை. சித்தப்பா இன்னும் பணம் கட்டவில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் ஒருவர் ஏற்கெனவே யுபிஐயில் கட்டிவிட்டாராம், இப்போது எடுக்கப் போனால் "முதலில் டெஸ்ட்நெட் காயின் வாங்குங்கள், அதை வைத்துத்தான் வெளியே எடுக்கலாம்" என்கிறார்களாம். அப்படி ஒன்று உண்டா?

தேவகோட்டை ரஸ்தா:

கிடையவே கிடையாது. டெஸ்ட்நெட் காசுக்கு மதிப்பு இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் அதை ஃபாசெட் என்ற தளங்களில் இலவசமாகக் கொடுக்கிறார்கள், செப்போலியாவுக்கு நீயே வாங்கியிருப்பாய். கோடைப் பூட்டி வைத்துவிட்டுப் பொதுச் சங்கிலி என்று சொல்லவும் முடியாது. அவரை இன்னும் ஒரு ரூபாய்கூட கட்ட வேண்டாம் என்று இப்போதே போய்ச் சொல்.

பேரேடு:

1930 என்ற எண்ணுக்கு இன்றைக்கே அழைக்கச் சொல்லுங்கள், சைபர் பண மோசடிக்கான எண் அது. தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிவிடும். யுபிஐ பரிவர்த்தனை எண், வங்கிக் கணக்கு விவரம், அந்தக் குழுவில் வந்த செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் குழுவை விட்டு வெளியேறும் முன்பே எடுத்து வைக்கட்டும். எழுத்து வேலைக்கு ஆள் வேண்டுமானால் சாயங்காலம் என்னிடம் அழைத்து வாருங்கள், புகாரை நான் எழுதித் தருகிறேன்.