உரத்தொட்டியில் அழுகல் நாற்றமும் புழுவும்: என்ன செய்யலாம்?

கேள்வி:
20 லிட்டர் மூடி வாளியில் காய்கறித் தோல், பழத்தோல், டீத்தூள் போட்டு 3 வாரம் ஆகிறது. அடியில் தண்ணீர் தேங்கி அழுகல் நாற்றம். வெள்ளைப் புழுக்களும் நெளிகின்றன. கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டுமா?

பதில் 1:
கொட்டாதீர்கள், காப்பாற்றிவிடலாம். காற்று புகாததும் ஈரம் மிகுந்ததும்தான் காரணம். தேங்கிய நீரை வடித்துவிட்டு, வாளியின் அடியிலும் பக்கங்களிலும் விரல் பருமனில் ஓட்டைகள் போட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு (எடையில் அல்ல, கொள்ளளவில்) கலந்து கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வரவேண்டும். ஒழுகினால் இன்னும் சருகு சேருங்கள். பிறகு 3 நாளைக்கு ஒருமுறை கிளறினால் போதும்.

பதில் 2:
வாடையைக் கவனியுங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் காற்றில்லை. மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்து, சருகு போதவில்லை. புழுக்கள் ஈக்களின் குஞ்சுகள், உரத்தைக் கெடுக்காது. கழிவு போடும் ஒவ்வொரு முறையும் மேலே 5 செ.மீ. சருகு மூடுங்கள், ஈ குறையும்.

பதில் 3:
தோல் அடையாளம் தெரியாமல் மண்வாசனை வரும்வரை செடிக்குப் போடாதீர்கள். பாதி மக்கிய உரம் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும்.