கை விலகினாப் பிறகுதான் சுட்டது தெரியுது, ஏன்?

கோண்டாவில்_பெடியன்:
நான் இந்தமுறை ஏ.எல் பயோ. நேற்று அம்மா தோசை சுட்டுக்கொண்டு நிக்கேக்க நான் பக்கத்தில நிண்டு கதைச்சுக்கொண்டே கையைத் தோசைக்கல்லு விளிம்பில வச்சிட்டன், கை தானா விலகிட்டுது, பேந்துதான் சுள்ளெண்டு குத்தினது, அதுக்கும் பிறகு ஒரு எரிவு ஆறுதலா வந்து கனநேரம் நிண்டது. நரம்பில ஓடுறது கரண்ட் எண்டால் சுவிச் போட்டமாதிரி எல்லாம் ஒண்டா வரவேணுமெல்லோ? நோட்ஸ் பாடம், ஆனா விளங்கேல்ல.

சுன்னாகம்_அக்கா:
தம்பி, பைப்புத் தண்ணிக்குக் கீழ 20 நிமிசம் பிடிச்சனீங்களோ? அடுத்தமுறை மறக்காதேங்கோ.
கை மூளையைக் கேட்டு விலகேல்ல. தோலில இருந்து போன செய்திக்கு முதுகெலும்புக்குள்ள இருக்கிற முண்ணாணே தசைக்குப் பதில் அனுப்பிடும், மூளைக்குத் தகவல் பேந்துதான் போகும். குத்தும் எரிவும் வேற வேற நார். குத்தைக் கொண்டுபோற நாருக்கு மெல்லிசா மயலின் எண்ட கொழுப்பு உறை சுத்தியிருக்கு, செக்கனுக்கு 5 தொடக்கம் 30 மீற்றர் போகும். எரிவைக் கொண்டுபோற நாருக்கு மயலினே இல்லை, 2 மீற்றருக்குள்ளதான், ஆள் நடக்கிற வேகம்.

பழைய_வாத்தி:
வயரில ஓடுற கரண்டை மறந்திடுங்கோ தம்பி. விளக்கீட்டண்டு ஒரு சிட்டி விளக்கில இருந்து அடுத்ததைக் கொளுத்திக்கொண்டு போவமெல்லோ, கடைசி விளக்கும் முதல் விளக்கு அளவுக்குத்தான் எரியும், ஏனெண்டால் ஒவ்வொண்டிலயும் அதுக்குரிய எண்ணெய் இருக்கு. நரம்பும் அப்பிடித்தான். சும்மா இருக்கேக்க உள்பக்கம் வெளியைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் குறைவு. தூண்டல் பட்ட இடத்தில நாரைச் சுத்தியிருக்கிற மென்சவ்வின்ர வாசல் திறந்து சோடியம் அயன் (மின்னேற்றமுள்ள அணு) உள்ள பாயும், அது பக்கத்து வாசலைத் திறக்கப் பண்ணும், பின்னால பொற்றாசியம் வெளிய போய்ப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஒவ்வொரு இடத்திலயும் கணத்தாக்கம், அதாவது இந்த மின் துடிப்பு, புதுசாப் பிறக்குது, அதுதான் கால்விரலில இருந்து வந்தாலும் தேயிறேல்ல. தடிச்ச மயலின் இருந்தால் மயலின் இல்லாத இடைவெளிகளில மட்டும் பிறந்து தாவிப்போகும், செக்கனுக்கு 120 மீற்றர் வரைக்கும் வரும்.
இதை ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி எண்ட ரெண்டு விஞ்ஞானிகள் 1952 இல எழுதினது ஊசிக்கணவாய் நரம்பை வச்சுத்தான். அந்த நார் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்பு, அதால உள்ளுக்க கம்பி விட்டு அளக்க ஏலுமா இருந்தது. அடுத்தமுறை வீட்டில கணவாய் வெட்டேக்க நினைச்சுப் பாருங்கோ.

வடமராட்சி_மகள்:
இடையில கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. அப்பாவுக்குக் கனகாலமாச் சீனி வருத்தம். போன மாசம் வளவுக்க நடக்கேக்க காலில முள்ளு ஏறி ரெண்டு நாளா அவருக்குத் தெரியேல்ல, செருப்பில ரத்தத்தைப் பாத்து நான்தான் கண்டுபிடிச்சன். கை நல்லாத்தான் இருக்கு. ஏன் கால் மட்டும்?

சுன்னாகம்_அக்கா:
கால்விரல் தொடக்கம் இடுப்புக்குப் பின்பக்கம் வரைக்கும் வாறது ஒரே ஒரு கலத்தின்ர நார், ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம். சீனி கூடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இந்த நீள நாருகள்தான் முதல்ல பழுதாகும், கை பிறகுதான். அப்பாவை வெறுங்காலோட முத்தத்துக்கும் விடாதேங்கோ. ஒவ்வொரு ராவும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் லைட் பிடிச்சு நீங்களே பாருங்கோ, அவரைக் கேட்டு வேலையில்லை, நோகேல்ல எண்டுதான் சொல்லுவார். முள்ளு ஏறின இடத்தை டொக்டருக்குக் காட்டியாச்சோ?

வடமராட்சி_மகள்:
இல்லையக்கா, காய்ஞ்சமாதிரி இருந்ததால விட்டிட்டன். நாளைக்குக் காலமை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறன்.